சென்னாக்குனிப் பொட்டலம்

நம் செட்டு ஆட்கள் நாலு பேர் சேர்ந்தால் பேச்சு சர்க்கரை மாத்திரையில் ஆரம்பித்து முழங்கால் வலியில் வந்து முடிகிறது. நடுவில் யாராவது ஒருவர் அந்தக் காலத்துக் காசிமேட்டு இறாலைப் பற்றி இழுப்பார். எல்லோரும் சப்புக் கொட்டுவோம். நானும் கொட்டுவேன். கொட்டிவிட்டு வீட்டுக்கு வந்து இரண்டு நாள் யாரோடும் முகம் கொடுத்துப் பேசமாட்டேன். ஏன் என்று நீங்கள் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை. போன ஆடியில் எண்ணூர்ப் பக்கத்து முகத்துவாரக்குப்பம் போய் வந்தேன். அதற்குப் பிறகும் வாயை மூடிக்கொண்டிருப்பது அழகில்லை என்று பட்டதால் எழுதுகிறேன்.

எனக்கு அப்போது ஒன்பது வயது. தம்பிக்கு இரண்டரை. அந்த ஆடி மாதத்தைத் தாண்டி அவன் இருக்கவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிழைத்துவிடுவானோ என்று உங்களைக் கடைசிவரை ஏங்கவைக்க எனக்கு மனம் வரவில்லை.

ராயபுரத்துக்கும் காசிமேட்டுக்கும் நடுவில் ஒரு சந்தில் இருந்தோம். பதினோரு ஓட்டு வீடுகள், பொதுவில் ஒரு குழாய், சந்து முனையில் வேப்பமரத்தடியில் அம்மன் கோயில். நைனாவுக்குத் துறைமுகத்தில் மூட்டை இறக்கும் வேலை. கப்பலில் எது வந்ததோ அதன் தூசியோடு அவர் வீட்டுக்கு வருவார். கோதுமை இறங்கிய நாளில் தலைமயிர் வெளுத்திருக்கும். கந்தகம் இறங்கிய நாளில் கண் சிவந்திருக்கும், யாரும் கிட்டப் போகக் கூடாது. அம்மா வீட்டோடு இருந்தாள். அம்மாவின் தங்கை, என் சித்தி, பத்தொன்பது வயது, கல்யாணம் ஆகாதவள், எங்களோடுதான் இருந்தாள். காசிமேட்டில் இறால் உரிக்கும் கொட்டகைக்கு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள்.

அந்தக் கொட்டகையை ஒருமுறை பார்த்திருக்கிறேன், சித்திக்குச் சாப்பாட்டுத் தூக்கு கொண்டுபோனபோது. ஈரச் சிமெண்டுத் தரையில் வரிசையாகப் பெண்கள் குந்தியிருந்தார்கள். முன்னால் ஐஸோடு கலந்த இறால் குவியல். தலையைத் திருகி, ஓட்டை உரித்து, முதுகு நரம்பை இழுத்துப் போட்டு, உரித்ததைத் தண்ணீர்த் தொட்டியில் எறிந்துகொண்டிருந்தார்கள். கை அந்த வேகத்தில் போனாலும் பேச்சு மட்டும் நிதானமாக, எவள் மருமகள் என்ன சொன்னாள் என்று நடந்துகொண்டிருந்தது. நாள் முழுக்க ஐஸ் தண்ணீரிலும் இறால் முள்ளிலும் கிடந்து சித்தியின் விரலிடுக்கெல்லாம் வெந்து வெளுத்துப் போயிருக்கும். வீட்டுக்கு வந்ததும் படிகாரம் கரைத்த தண்ணீரில் இரண்டு கையையும் முக்கிக்கொண்டு பல்லைக் கடிப்பாள். அதை உட்கார்ந்து பார்க்க எனக்குப் பிடிக்கும். பிள்ளைகளுக்கு அடுத்தவர் வலியும் வேடிக்கைதானே.

எங்கள் வீட்டில் மட்டும் இறால் சமைப்பதில்லை. நல்லதெல்லாம் கப்பல் ஏறிப் போய்விடும். மிச்சத்தைச் சித்தி கொண்டுவர மாட்டாள். நாள் பூராவும் அந்த வாசனை, வீட்டிலுமா என்பாள். தம்பிக்குப் பால்சோறும் பருப்பும்தான். அவ்வப்போது வாயைச் சுற்றிச் சிவந்து தடித்துப்போகும். சூடு என்று அம்மா சந்தனம் அரைத்துப் பூசுவாள். அவனுக்கு ஒரு பழக்கம் இருந்தது. யார் தூக்கினாலும் அவர்கள் முந்தானை முனையைச் சுருட்டி வாயில் வைத்துச் சப்புவான். அம்மாவின் புடவைகள் எல்லாவற்றிலும் அந்த மூலை மட்டும் சாயம் போய் நைந்திருக்கும். சித்தி என்றால் அவனுக்கு உயிர். 'தித்தி' என்று அவள் செருப்புச் சத்தத்துக்கே ஓடுவான். "மொதல்ல குளிச்சிட்டு வாடி, அப்பால கொஞ்சு" என்று அம்மா தினமும் குறுக்கே நிற்பாள். சித்தியும் குளித்துவிட்டுத்தான் தூக்குவாள்.

ஆடி பிறந்து நாலைந்து நாள் இருக்கும். அன்றைக்குக் குழாயில் தண்ணீர் வரவில்லை. சித்தி வந்து வாசலில் நின்றாள், முந்தானையும் ஈரம், முட்டிவரை புடவையும் ஈரம். தம்பி கையை நீட்டி அழுதான். அம்மா அடுப்பில் இருந்தாள். சித்தி ஒரு நிமிஷம் யோசித்துவிட்டுத் தூக்கிக்கொண்டாள். அவன் வழக்கம்போல் முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு அவள் தோளில் சாய்ந்தான். இதெல்லாம் நான் பார்த்துக்கொண்டே தாயக்கட்டை விளையாடிக்கொண்டிருந்தேன்.

கொஞ்ச நேரத்தில் அவன் காதைச் சொறிந்தான். பிறகு கழுத்தை. சித்தி திருப்பிப் பார்த்தபோது கீழுதடு பணியாரம் மாதிரி உப்பியிருந்தது. கண் இரண்டும் மூடிக்கொண்டன. நெஞ்சிலும் முதுகிலும் தட்டுத்தட்டாகச் சிவந்து எழும்பின. அம்மா போட்ட சத்தத்தில் சந்தே கூடிவிட்டது. மணலிப் பக்கத்து ஆலைக் காற்று அன்றைக்கு நாறியது, அதனால்தான் என்றது ஒரு குரல். பூரான் கடி என்றது இன்னொன்று. அதற்குள் கோயிலில் வருஷா வருஷம் கரகம் எடுக்கிற அத்தை வந்துவிட்டாள். சந்தில் எந்தப் பிள்ளைக்கு உடம்பு சுட்டாலும் அவளைத்தான் கூப்பிடுவோம். நல்ல மனுஷி. யாரிடமும் ஒரு வெற்றிலைக்கு மேல் வாங்கியதில்லை. தம்பியின் சட்டையைத் தூக்கிப் பார்த்துவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

"ஆத்தா வந்துகிறாடி. ஆடி மாசம், அவ வராம வேற யாரு வருவா? பயப்படாத. வாசல்ல வேப்பல கட்டு."

"இம்மாம் சீக்கிரமா வருமாக்கா?" என்றாள் சித்தி. "ஆசுபத்திரிக்கு இட்டுகினு போயிரலாம்க்கா, மூஞ்சி இன்னாவோ மாதிரி கீது."

"அம்மா போட்ட புள்ளைய ஆசுபத்திரிக்குத் தூக்கினு போவாங்களாடி?" என்று அம்மா அவள் மீது பாய்ந்தாள். "குளிக்காம கொள்ளாம, கலீஜ் கையோட தொட்டே இல்ல? அதான் ஆத்தாளுக்குக் கோவம்."

விளக்கு வைப்பதற்குள் தம்பியின் முக வீக்கம் வற்றிவிட்டது. ராத்திரிச் சோறு கேட்டான். சந்துக்கே மூச்சு வந்தது. கரகத்து அத்தை சொன்னது பலித்துவிட்டது என்று எல்லோரும் சொன்னார்கள். அன்று அது பலிக்காமல் போயிருந்தால் என்று நான் எத்தனையோ நாள் நினைத்திருக்கிறேன். முகம் இன்னும் கொஞ்சம் வீங்கியிருந்தால் நைனா கேட்காமல் தூக்கிக்கொண்டு ஓடியிருப்பார். ஒரு டாக்டர் பார்த்திருப்பார்.

அம்மை கண்ட வீடு எப்படி இருக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. வாசலில் வேப்பிலைக் கொத்து. தாளிக்கக் கூடாது, எண்ணெய் காயக் கூடாது, மீன் வாடை கூடாது. பழைய சோறு, மோர், சின்ன வெங்காயம், இளநீர். வெளி ஆள் உள்ளே வரக் கூடாது. சித்தி கொட்டகைக்குப் போய் வருகிறவள் என்பதால் வெளி ஆள் ஆகிவிட்டாள். ஒன்பது நாள் கழித்து மூன்று தண்ணீர் ஊற்றி முடிக்கும்வரை வீட்டுப் பக்கம் வராதே, பிள்ளையைத் தொடாதே என்று அம்மா சொல்லிவிட்டாள். தன்னோடு வேலை பார்க்கும் ஒருத்தியின் வீட்டில் சித்தி தங்கினாள்.

தம்பி அந்த ஒன்பது நாளில் தேறியதைப் போல் எப்போதும் தேறியதில்லை. வாயைச் சுற்றியிருந்த சிவப்புகூடப் போய்விட்டது. கன்னம் பளபளவென்று ஆனது. "பாத்தியா, அவ கை படல, புள்ள எப்பிடிக் கீறான்" என்றாள் அம்மா. யாருக்கும் அதை மறுக்க வழியில்லை. வீட்டில் மீன் இல்லை, சித்தியின் முந்தானை இல்லை. ஆனால் நாங்கள் கண்டது சித்தி இல்லை என்பதை மட்டும்தான்.

சாயங்காலத்தில் சித்தி குழாயடியில் வந்து நிற்பாள். நான் தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலில் நிற்பேன். அவள் கையில் கிடந்த கண்ணாடி வளையல்களைக் குலுக்கிக் காட்டுவாள். அவன் இங்கிருந்தே எம்பி எம்பி விழுவான். அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு போய்விடுவாள். எனக்குப் பாவமாக இருந்தது. ஆனால் உள்ளுக்குள் ஒரு சந்தோஷமும் இருந்தது, அதையும் எழுதிவிடுகிறேன். அதுவரை அவனுக்குச் சித்திக்கு அடுத்துதான் நான். இப்போது முழுக்க எனக்கு வந்துவிட்டான்.

கோயிலில் கூழ் ஊற்றும் நாள் வந்தது. அன்று காலையில்தான் தம்பிக்கு முதல் தண்ணீர். வேப்பிலையும் மஞ்சளும் போட்டு வெயிலில் காயவைத்த தண்ணீரை அவன் தலையில் ஊற்றினார்கள். சிரித்தான். குழாய் ஒலிபெருக்கியில் விடிந்ததிலிருந்து அம்மன் பாட்டு. மரத்தடியில் இரண்டு பெரிய அண்டாக்களில் கேழ்வரகுக் கூழ், பக்கத்தில் முருங்கைக் கீரையும் கருவாட்டுக் குழம்பும். நீலப் பூப்போட்ட எனாமல் குவளை ஒன்று எங்கள் வீட்டில் இருந்தது, விளிம்பில் பூச்சு பெயர்ந்து கறுத்திருக்கும். அதில் கூழ் வாங்கி வரச் சொல்லி அம்மா என்னை அனுப்பினாள். நான் திரும்பியதும் அவள் பொங்கல் வைக்கக் கோயிலுக்குப் போவதாக ஏற்பாடு. தம்பியைப் பார்த்துக்கொள்வது என் பொறுப்பு.

கூழோடு திரும்பும்போது குழாயடியில் சித்தி நின்றிருந்தாள். தலைக்குக் குளித்து, மஞ்சள் புடவை கட்டியிருந்தாள். இடுப்பிலிருந்து ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்து என் பாவாடை மடிப்பில் செருகினாள். இன்னும் சூடாக இருந்தது. சென்னாக்குனி. தூள் தூளாக இருக்கும் அந்தக் குட்டி இறால் கருவாட்டை மிளகாய், பூண்டு போட்டு வறுத்திருந்தாள். கூழுக்கு அதைவிட நல்ல தொடுகறி நம் பக்கத்தில் கிடையாது. ஒன்பது நாள் தாளிதம் இல்லாத சோறு தின்ற நாக்கு எனக்கு.

"நீ துன்னு. உங்கம்மாவாண்ட சொல்லாத, நான் குடுத்தேன்னா தூக்கிப் போட்டுடும்" என்றாள். "தம்பிக்கு வாணாம், காரம் ஜாஸ்தி."

அம்மா கோயிலுக்குப் போனதும் பின்கட்டில் தண்ணீர் டிரம்முக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பொட்டலத்தைப் பிரித்தேன். தம்பி எதிரில் வந்து உட்கார்ந்து வாயைத் திறந்தான். கூழ் மட்டும் ஊட்டினேன். துப்பிவிட்டுப் பொட்டலத்தைக் காட்டினான். சித்தி சொன்னது நினைவிருந்தது. காரம்தானே என்று ஒரு சிட்டிகையைக் கூழில் முக்கி, மிளகாய் போகும்படி அலசிக் கொடுத்தேன். சப்பித் தின்றுவிட்டு மறுபடி வாயைத் திறந்தான். மறுபடி கொடுத்தேன். அவன் என்னைப் பார்த்துச் சிரித்த சிரிப்பு சித்தியைப் பார்த்துச் சிரிப்பதைப் போலவே இருந்தது. அதற்காக மூன்றாவது சிட்டிகையும் கொடுத்தேன்.

முதலில் காதைச் சொறிந்தான். பிறகு இருமினான். தின்றதெல்லாம் வெளியே வந்தது. 'அக்கா' என்று கூப்பிட வாயெடுத்தான், குரல் கம்மி வேறு யாரோ பேசுவதுபோல் வந்தது. உதடு உப்பியது, நாக்கு உப்பியது. மூச்சை இழுக்கும்போது நெஞ்சுக்குழி பள்ளம் விழுந்தது. கோயிலில் அப்போதுதான் பம்பை அடிக்க ஆரம்பித்திருந்தார்கள். நான் கத்தியது எனக்கே கேட்கவில்லை. கத்திக்கொண்டே நான் செய்த காரியம், பொட்டலத்தைச் சுருட்டி டிரம்முக்குப் பின்னால் தள்ளியது. அவனைத் தூக்குவதற்கு முன்னால் அதைச் செய்தேன்.

அவனைத் தூக்கிக்கொண்டு கோயிலுக்கு ஓடினேன். அங்கேதான் ஆட்கள் இருந்தார்கள். கரகத்து அத்தை தலையில் கரகத்தோடு ஆடிக்கொண்டிருந்தாள். பம்பை நிற்கவில்லை. அம்மா தம்பியை அவள் காலடியில் போட்டுக் கும்பிட்டாள். அத்தை வேப்பிலையால் அவன் முகத்தில் அடித்தாள், தண்ணீர் தெளித்தாள். "தீட்டுக் கை பட்டுப்போச்சு" என்றாள். அம்மா என் பக்கம் திரும்பினாள்.

"அவ வந்தாளா?"

"வந்துச்சும்மா. கொயாயாண்ட."

அவ்வளவுதான் சொன்னேன். பொய் இல்லை. ஆனால் இத்தனை வருஷத்தில் நான் சொன்ன பொய்கள் எல்லாம் சேர்ந்தாலும் அந்த இரண்டு வார்த்தைக்கு ஈடாகாது.

துறைமுகத்திலிருந்து நைனா சைக்கிள் ரிக்‌ஷாவில் வந்து சேர்ந்தார். யாரோ போய்ச் சொல்லியிருக்கிறார்கள். அவர் தம்பியைத் தூக்கியபோது அம்மா குறுக்கே படுத்துக்கொண்டாள். "ஆத்தா வாசல்லேந்து தூக்கினு போவாதய்யா, புள்ள தங்காது" என்றாள். அவர் நின்றார். நான் பார்த்தேன், அவர் நின்றார். ஒரு மூட்டையைத் தோளில் வைத்துக்கொண்டு எந்தப் பக்கம் இறக்குவது என்று தெரியாமல் நிற்பாரே, அப்படி. அந்த நிற்றலுக்காக அவர் சாகும்வரை தன்னை மன்னிக்கவில்லை. பிறகு அம்மாவைத் தாண்டிக்கொண்டு போனார். சந்து முனையில் கூழுக்கு நின்ற கூட்டம் வழிவிட நேரமானது. பெரிய ஆஸ்பத்திரி எங்கள் வீட்டிலிருந்து ரொம்பத் தூரம் இல்லை. நாங்கள் நடந்தே போயிருக்கிறோம்.

வெயில் சாய்வதற்குள் திரும்பி வந்தார். தம்பி அவர் தோளில் தூங்குகிறவன்போல் கிடந்தான். முகம் வற்றியிருந்தது.

சித்தி ஓடிவந்தபோது அம்மா அவளை உள்ளே விடவில்லை. "எம்புள்ளைய முழுங்கிட்டியேடி" என்றாள். அதைத் தவிர வேறொன்றும் சொல்லவில்லை, அதையே திரும்பத் திரும்பச் சொன்னாள். சித்தி குழாயடியிலேயே நின்றாள். அவனை எடுத்துக்கொண்டு போனபோதும் அங்கேயே நின்றாள். ஒருமுறைகூட 'நான் தொடலக்கா' என்று சொல்லவில்லை. அது எனக்கு விளங்கவேயில்லை. தொடவில்லை என்பது அவளுக்குத் தெரியும், எனக்கும் தெரியும்.

மறுநாள் தன் தகரப் பெட்டியை எடுத்துக்கொள்ள வந்தாள். பெட்டி பின்கட்டில் டிரம்முக்குப் பக்கத்தில் இருந்தது. யாரும் அவளோடு பேசவில்லை. நான் அம்மாவின் முதுகுக்குப் பின்னால் நின்றேன். போகும்போது என்னைப் பார்த்தாள், வழக்கம்போல் கன்னத்தைக் கிள்ள வந்த கையைப் பாதியில் மடக்கிக்கொண்டாள். அவள் போன பிறகு டிரம்முக்குப் பின்னால் கையை விட்டுத் துழாவினேன். பொட்டலத்தைக் காணவில்லை. எலி இழுத்துக்கொண்டு போயிருக்கும் என்று நினைத்தேன். ஒன்பது வயதுக்கு அந்தச் சமாதானம் போதுமாக இருந்தது.

அப்புறம் சித்திக்கு முகத்துவாரக்குப்பத்தில் கல்யாணம் ஆயிற்று. எங்களுக்கு அழைப்பு வந்தது, அம்மா போகவில்லை, யாரையும் விடவில்லை. இறால் கொட்டகை வேலையை விட்டுவிட்டு எண்ணூரில் ஒரு ஆலையில் கூட்டிப் பெருக்கப் போனாள் என்று கேள்விப்பட்டோம். அவளுக்கு இரண்டு பெண்கள் பிறந்தார்கள். பிறந்த பிள்ளைக்குப் பால் கொடுக்கும் நேரம் தவிர அவள் தூக்குவதில்லை, எல்லாம் மாமியார்தான் என்று அந்தப் பக்கத்திலிருந்து பூ விற்க வருகிறவள் அம்மாவிடம் சொன்னாள். அம்மா பூவை முழம் போட்டு வாங்கினாள்.

நான் படித்து, திருவொற்றியூரில் பால்வாடி டீச்சர் ஆனது உங்களுக்குத் தெரியும். சின்னப் பிள்ளைகளோடு இருக்க ஏன் அந்த வேலையைத் தேடிப் போனேன் என்று நானே என்னைக் கேட்டதில்லை. ஓய்வு பெறுவதற்கு முன்னால் ஒருநாள், பிறந்தநாள் என்று ஒரு பிள்ளையின் அம்மா எல்லோருக்கும் கடலை உருண்டை கொண்டுவந்து கொடுத்தாள். நாலு வயதுப் பெண் ஒன்று பாதி கடித்துவிட்டுக் காதைச் சொறிந்தது. அந்தக் கையைப் பார்த்ததும் மீதி உருண்டையைப் பிடுங்கி எறிந்தேன். உதடு உப்புவதற்கு முன்பே பிள்ளையை அள்ளிக்கொண்டு ஆட்டோவில் ஏறிவிட்டேன். ஆட்டோக்காரர் எவ்வளவு வேகமாக ஓட்டியும் எனக்கு நின்றுகொண்டிருப்பதுபோல் இருந்தது.

சின்ன வயது டாக்டர், பெண். பார்த்த உடனேயே பிள்ளையின் தொடையில் ஓர் ஊசி போட்டாள். நான் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பத்து நிமிஷம். பத்தே நிமிஷத்தில் உதடு வற்ற ஆரம்பித்து, பிள்ளை வீட்டுக்குப் போகணும் என்று அழுதது. எல்லோரும் எனக்கு நன்றி சொன்னார்கள். நான் டாக்டரைத் தனியாகப் பிடித்துக் கேட்டேன்.

"இறாலுக்கு இப்படி ஆகுமா?"

"தாராளமா ஆகும் டீச்சர். அலர்ஜின்னு சொல்வோம். சில உடம்புக்கு அது ஒத்துக்காது. மொதல்ல லேசா வந்துட்டுப் போயிடும். அடுத்த தடவை உயிருக்கே ஆபத்தா வரலாம்."

"இறால் தண்ணி பட்ட துணியை வாயில வச்சாக்கூடவா?"

என்னை ஒரு மாதிரி பார்த்தாள். "வச்சுச் சப்பினா, ரொம்ப ஒத்துக்காதவங்களுக்கு வரலாம். ஏன், வீட்ல யாருக்காவது இருந்துச்சா?"

இல்லை என்றேன். பழகிய வாய்.

இத்தனையும் தெரிந்த அன்றைக்கே நான் முகத்துவாரக்குப்பத்துக்கு பஸ் ஏறியிருக்க வேண்டும். ஏறவில்லை. நைனா போய்விட்டார், அம்மா இருந்தாள். சித்தி மேல் தப்பில்லை என்று சொன்னால் அடுத்த கேள்வி, பிறகு எப்படி என்பது. படுக்கையில் கிடந்த அம்மாவிடம் அதற்குப் பதில் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. அம்மா போன பிறகும் இரண்டு ஆடி கழிந்தது. மொத்தம் பதினோரு வருஷம் தள்ளிப்போட்டேன். பிள்ளைகளுக்கு உண்மை பேச வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தே பென்ஷன் வாங்குகிறவள் நான்.

போன ஆடியில் போனேன். சித்தி வீட்டு வாசலில் நைலான் கட்டிலில் உட்கார்ந்து முருங்கைக் கீரை உருவிக்கொண்டிருந்தாள். மெலிந்து போயிருந்தாள், கண் ஆபரேஷனுக்குப் பிறகு போட்ட பெரிய கண்ணாடி. "பாப்பாவா?" என்றாள். எனக்கு அறுபத்து மூன்று வயது. உள்ளே அவள் பேத்தி ஏழு மாதக் குழந்தைக்கு எதையோ ஊட்டிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் உட்கார்ந்தேன், நானும் கீரை உருவினேன். ஒரு கட்டு முடிந்தது.

"சித்தி, அன்னிக்கு நீ குடுத்த பொட்டலம்..."

"சென்னாக்குனி" என்றாள்.

"நான்தான் தம்பிக்கு ஊட்டினேன். நீ வாணாம்னு சொன்னே. நான் ஊட்டினேன்."

"தெரியும்" என்றாள் சித்தி.

கீரைக் காம்பைக் கீழே போட்டுவிட்டு இன்னொரு காம்பை எடுத்தாள். "பொட்டி எடுக்க வந்தேன்ல, அப்போ டிரம்முக்குப் பின்னால பாத்தேன். பாதி காலியா கெடந்துது. மேலெல்லாம் கூழ் ஒட்டிகினு இருந்துது. உனுக்குத்தான் காரம்னா உசுராச்சே, நீ எதுக்குக் கூழ்ல முக்குவே? மடியில போட்டுகினு பூட்டேன். போற வழியில கடல்ல கடாசிட்டேன்."

"ஏன் சித்தி சொல்லல?"

"சொன்னா? உங்கம்மா இருந்த இருப்புக்கு உன்ன இன்னா பண்ணியிருப்பா? ஒம்போது வயசு, நீ எங்க போவே? எனக்குக் கை கால் கீது, எங்கனா போய்ப் பொழச்சிக்கலாம்னு வந்துட்டேன்."

நான் அழுதேன். அவள் என்னைத் தடுக்கவில்லை, தேற்றவும் இல்லை. கொஞ்சம் அடங்கியதும் கேட்டேன், "அவன் எதனால போனான்னு நீ நெனச்சே?"

"என் கைதான். வேற இன்னா? ரெண்டு தபாவும் என் கையிலேந்து போனதுதானே."

அப்போதுதான் டாக்டர் சொன்னதைச் சொன்னேன். முதல் தடவை முந்தானை, இரண்டாம் தடவை பொட்டலம், இரண்டிலும் இறால். தீட்டும் இல்லை, ராசியும் இல்லை. ஓர் ஊசி இருந்திருந்தால் பத்து நிமிஷத்தில் எழுந்து உட்கார்ந்திருப்பான். பிள்ளைகளுக்குப் பாடம் சொல்வதைப் போல இரண்டு முறை சொன்னேன். சித்தி கையிலிருந்த கீரையை முறத்தில் வைத்துவிட்டு உள்ளங்கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"அப்போ கையில ஒண்ணியும் இல்லியா?"

"ஒண்ணியும் இல்ல சித்தி."

"இத்த உனுக்கு எப்போ சொன்னாங்க?"

பொய் சொல்லியிருக்கலாம். நாக்கு நுனிவரை வந்தது. "பதினோரு வருஷம் ஆச்சு" என்றேன்.

சித்தி முறத்திலிருந்த கீரையைக் கையால் பரப்பினாள். பிறகு யாரையும் குறை சொல்கிற குரலில் இல்லாமல், சும்மா கணக்குச் சொல்வதுபோல் சொன்னாள்: "அதுக்குள்ள இந்த வூட்ல மூணு கொயந்த பொறந்துகீது."

அதற்கு நான் என்ன பதில் சொல்ல முடியும்? உங்களில் யாருக்காவது தெரிந்தால் சொல்லுங்கள்.

எழுந்து போய்க் கை கழுவினாள். சோப்புப் போட்டு ஒருமுறை கழுவி, மோந்து பார்த்துவிட்டு மறுபடி கழுவினாள். பேத்தி குழந்தையோடு வெளியே வந்தாள். "ஆயாகிட்ட குடும்மா" என்றேன் நான். அந்தப் பெண் திகைத்துப்போய்ச் சித்தியைப் பார்த்தாள். சித்தி கட்டிலில் உட்கார்ந்து இரண்டு கையையும் நீட்டினாள். குழந்தை கிட்டே வந்ததும் கைகளைப் பின்னுக்கு இழுத்தாள். மடியில் கோத்து வைத்துக்கொண்டாள்.

"வாணாம், கீழ போட்டுருவேன்" என்றாள். "நீ புடி பாப்பா. நான் அடியில கை வச்சிக்கிறேன்."

குழந்தையை வாங்கி அவள் மடியோரமாகப் பிடித்துக்கொண்டேன். என் கைகளுக்கு அடியில் அவள் உள்ளங்கைகள் வந்தன, சோப்புத் தண்ணீர் இன்னும் காயவில்லை. குழந்தை இப்படியும் அப்படியும் பார்த்தது. சித்தியின் முந்தானை முனை கைக்கு எட்டியது, பற்றி இழுத்து வாயில் வைத்துக்கொண்டது. சித்தி வெடுக்கென்று பிடுங்கப் போனாள். என் முகத்தைப் பார்த்தாள். இருக்கட்டும் என்று நான் தலையசைத்தேன். முந்தானையை விட்டுவிட்டாள்.